தெற்கு வீதியில் திரும்பாத தேர்

தென்னவல்லி நாட்டு ராஜா உக்கிரராயருக்குப் புதுமை என்றால் உயிர். தப்பு என்றால் மட்டும் பிடிக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவர் தேர்த் தச்சர்களின் தலைவர் குமரேச ஆசாரி.

போன வருஷத் திருவிழாவில் தெற்கு வீதி முனையில் தேர் திரும்பாமல் மூன்று நாள் நின்றுவிட்டது. பக்கத்து நாட்டு ராஜா வேறு விருந்தாளியாக வந்திருந்து, மூன்று நாளும் தேர் நகர்ந்ததா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். உக்கிரராயருக்கு மானம் போயிற்று. இந்த வருஷம் ஒரு மாதத்துக்கு முன்பே ஆணை போட்டுவிட்டார்.

"தேரைத் திருப்பப் புது யோசனை வேண்டும். அதில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. இல்லையென்றால் பன்னிரண்டு தச்சர்களும் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகலாம்."

யோசனை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய யோசனை பலிக்கவில்லையோ, அவன் கழுத்தில் ஓட்டைச் சட்டியை மாட்டி நாலு வீதியும் சுற்றவிடுவார்கள். குமரேச ஆசாரியே ஒரு முறை சுற்றியிருக்கிறார். மகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அன்று மூடிய வாயை அவர் பிறகு திறக்கவில்லை. தலைவரே அப்படி என்றால் மற்றவர்களைக் கேட்கவேண்டுமா? தினமும் காலையில் தேரடியில் கூடுவார்கள். சக்கரத்தைப் பார்ப்பார்கள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோவார்கள்.

திருவிழாவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. சபையில் தச்சர்கள் தலை குனிந்து நின்றார்கள். ராஜாவின் மீசை துடித்தது. அப்போது விகடகவி அம்பலவாணர் எழுந்தார்.

"மகாராஜா, ஒரு மாதமாகக் குறையில்லாத யோசனை கேட்டீர்கள். ஒன்றும் வரவில்லை. இன்று ஒரு நாள் மட்டும் தப்பான யோசனை கேட்டுப் பாருங்களேன். நிச்சயமாகப் பலிக்காத யோசனையாக, ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும். சொல்லாதவனுக்குத்தான் சட்டி."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நடக்கட்டும்!"

பிரதானி நரசய்யா பதறி எழுந்தார். அரண்மனையில் ஓலை எழுதுவதற்கே ஓலை எழுதி அனுமதி வாங்கவைத்த மனிதர் அவர். "மகாராஜா, தப்புகளை நேரடியாகச் சபையில் சொன்னால் ஒழுங்கு என்ன ஆவது? முதலில் என்னிடம் கொடுக்கட்டும். பிழை இருக்கிறதா என்று சரிபார்த்து அனுப்புகிறேன்."

"வேண்டாம் பிரதானி, பிழையோடுதான் கேட்டிருக்கிறோம்" என்றார் அம்பலவாணர்.

சட்டிக்குப் பயந்து ஒருவன் வாயைத் திறந்தான். "தேரைப் பிரிச்சு, அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டிரலாம் மகாராஜா."

சபை சிரித்தது. இன்னொருவனுக்குத் தைரியம் வந்தது. "சாமியை எறங்கி, முனை வரைக்கும் நடந்து வரச் சொல்லலாம்."

"தெருமுனையில இருக்கற வீட்டை இடிச்சுட்டா, திருப்பவே வேணாமுங்க!"

"அது என் வீடு!" என்று கத்தினார் பிரதானி. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் மூக்கையா ஆசாரி வந்தான். பதினோரு வருஷமாகத் தேரடியில் வேலை செய்தும், அவன் குரல் எப்படி இருக்கும் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

"போன மாசம் ஒரு கல்யாண வீட்ல வாழைமட்டையில காலை வச்சுட்டேனுங்க. வடக்க பாத்துப் போனவன், கிழக்க பாத்து விழுந்தேன். தேருச் சக்கரத்துக்கு அடியிலயும் அதையே போட்டுவிட்டா..."

சபையே உருண்டு சிரித்தது. குமரேச ஆசாரி சிரிக்கவில்லை. வாயைத் திறப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தவித்தார். இன்றைக்குத் தப்புச் சொன்னால் தண்டனை இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் திறந்துவிட்டார்.

"ஏம்ப்பா, மட்டை நசுங்கிருமே. வாழைத்தண்டையே ரெண்டாப் பொளந்து போட்டா?"

"முன்சக்கரத்துக்கு மட்டும் போடணும்ணே" என்றான் ஒருவன்.

"பின்சக்கரத்துக்குக் கட்டை குடுத்து நிறுத்தணும். இல்லாட்டி தேரு நேரா பிரதானி வீட்டுக்குள்ள போயிரும்" என்றான் இன்னொருவன்.

ராஜா இருப்பதையே மறந்து பன்னிரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தார்கள். பிரதானி இருமிப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை.

அன்று பிற்பகலே வெறுந்தேரை இழுத்துப் பார்த்தார்கள். தெற்கு வீதி முனை வந்தது. பிளந்த வாழைத்தண்டின் மேல் முன்சக்கரம் ஏறியது, வழுக்கியது, தேர் மேற்கே பார்த்துத் திரும்பி நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை என்று புரிந்தபோது குமரேச ஆசாரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நிறுத்துங்கள்!" என்றார் பிரதானி. "மகாராஜா, ஆணை என்ன? பலிக்காத யோசனை சொல்லவேண்டும் என்பது. மூக்கையா சொன்னது பலித்துவிட்டது. ஆக, அவன் ஆணையை மீறியிருக்கிறான். தண்டனை கொடுத்தே ஆகவேண்டும்."

ராஜா தாடையைத் தடவினார். பிரதானி சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆணை ஆணைதானே!

அம்பலவாணர் மூக்கையாவின் தோளில் கை வைத்தார். "பயப்படாதே. நீ இதைச் சபையில் சொன்னபோது, பலிக்கும் என்று நினைத்தாயா?"

"சத்தியமா இல்லீங்க. தேரு கவுந்துரும்னுதான் நெனச்சேன்."

"கேட்டீர்களா மகாராஜா? அவன் மனதறிந்து தப்பைத்தான் சொன்னான். ஆணையை மீறவில்லை. இது சரியான யோசனையாக இருக்குமோ என்று அவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தாலும், உங்கள் முன்னால் வாயைத் திறந்திருப்பானா?"

தலைகுனிந்து பழகிப்போன பன்னிரண்டு பேரையும் ராஜா ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகுதான் சிரித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் வீதியே அதிர. தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மூக்கையாவுக்குத் தானே போர்த்திவிட்டு, குமரேச ஆசாரியின் பக்கம் குனிந்து கேட்டார்:

"ஆசாரி, இன்னும் எத்தனை தப்பை என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள்?"