பொரிந்த முட்டையும் உடைந்த முட்டையும்

ஆனைமடு ஏரியில் நாரைகளும் நீர்க்காகங்களும் வெகுகாலமாக ஒரே தண்ணீரில் மீன் பிடித்துப் பிழைத்துவந்தன. தென்கரையிலும், கிழக்கே கீழ்க்கரையிலும் உள்ள கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டும். வடகரை நீர்க்கடம்பு மரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டும். அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. ஏரி மீன் மொத்தமும் அதற்குள் ஒடுங்கிக் கிடந்தது. சண்டை மூள வேறென்ன வேண்டும்?

மருதாயி என்கிற பெண் நாரைக்கு இந்தச் சண்டை வெறும் பேச்சு இல்லை. இரண்டாம் நாள் மோதலில் அவள் கணவன் சடையனின் இடது சிறகை ஒரு நீர்க்காகம் ஒடித்துவிட்டது. அன்றைக்கே அவள் கூட்டுக்கு மேல் அடிதடி நடந்தது. மூன்று முட்டைகளில் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. மறுநாள் மற்ற இரண்டும் பொரிந்தன. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் காலையில் கத்தரிவாலன் என்ற கரிச்சான் குருவி வாயில் ஒரு பாதி முட்டை ஓட்டைக் கவ்விக்கொண்டு வந்தான். முதல் மரத்துக் கிளையில் அதை வைத்தான்.

"பார்த்துக்குங்க. கீழ்க்கரை நாரைங்களோட முட்டை. நீர்க்காகங்க உடைச்சுப் போட்டது. ஏழு முட்டை போச்சு."

முதல் மரத்து நாரை பதறிப்போய் ஓட்டை இரண்டாம் மரத்துக்குக் கொடுத்தது. அங்கே ஏழு பதினேழானது. அலகு மாறி அலகு மாறி, ஓடு மருதாயியின் பக்கத்துக் கூட்டுக்கு வந்தபோது எழுபது முட்டைகள் உடைந்திருந்தன. பக்கத்துக் கூட்டில் இருந்தவள் வெள்ளத்தாய்.

"மருதாயியக்கா, இந்தக் கொடுமையைப் பாருங்க. எழுபது முட்டையாம்."

மருதாயி ஓட்டைக் காலுக்குக் கீழே வைத்துத் திருப்பினாள். அதன் ஓரம், மூடி திறந்த மாதிரி வட்டமாக இருந்தது. உள்ளே காய்ந்த சவ்வு மட்டும் ஒட்டியிருந்தது. கருவின் கறை ஒரு துளிகூட இல்லை. மூன்று நாளைக்கு முன் அவள் கூட்டிலிருந்து அவளே தள்ளிவிட்ட ஓடுகள் இப்படித்தான் இருந்தன.

"வெள்ளத்தாயி, இது உடைச்ச முட்டை இல்லடி. பொரிஞ்ச முட்டை. குஞ்சு உள்ளேயிருந்து சுத்திக் கொத்தி வெளியே வந்திருக்கு. இது மாதிரி ஓடு நம்ம ஒவ்வொரு மரத்தடியிலயும் கிடக்குதே."

வெள்ளத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "இருக்கலாம்க்கா. எனக்கென்ன தெரியும்? உண்மையோ பொய்யோ, நாலு பேருக்குத் தெரியட்டும், எச்சரிக்கையா இருக்கட்டும்னுதான் குடுக்கிறேன்." சொல்லிவிட்டு ஓட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் பறந்துவிட்டாள்.

அதற்குள் காவல் மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வடகரையில நீர்க்காகங்க வரிசையாச் சிறகை விரிச்சு நிக்கிறாங்க. பாயப்போறாங்க."

மருதாயி எட்டிப் பார்த்தாள். மெய்தான், விரித்த சிறகோடு நின்றன. ஆனால் நீர்க்காகத்தின் சிறகு தண்ணீரில் ஊறிவிடும். மீன் பிடித்துவிட்டு வந்தால் வெயிலில் விரித்துக் காயவைத்தே ஆகவேண்டும். அங்கே இருந்த ஒவ்வொரு நாரையும் பிறந்ததிலிருந்து இதைப் பார்த்திருக்கிறது. அன்றைக்கு ஒன்றுக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

தலைவர் நெட்டையப்பன் அந்த ஓட்டை நடுவில் வைத்துக் கூட்டத்தைக் கூட்டினார். உச்சிவெயில் ஏறியதும் வடகரைக்குப் போய் நீர்க்காகங்களின் கூடுகளைக் கலைப்பது என்று முடிவானது.

மருதாயிக்குக் கூட்டில் கால் தரிக்கவில்லை. குஞ்சுகளைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். நாரைகள் எல்லாம் கிளம்பிவிட்டால் கூடுகள் காலியாகிவிடும். மேலே இரண்டு பருந்துகள் இப்போதே வட்டமிடத் தொடங்கியிருந்தன.

"ஏங்க, நான் கீழ்க்கரைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமா?"

சடையன் வலியோடு எழுந்து நின்றான். "போனா, குஞ்சுங்களுக்கு யாரு நிழல் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவனே நல்ல சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு மேல் கவித்தான். "சரி, எனக்கு ஒரு சிறகு பாக்கி இருக்கே. போய்ட்டு சீக்கிரம் வா புள்ள."

அவள் கிளம்பிப் பத்துச் சிறகடி போகவில்லை. பின்னால் ஒரு குஞ்சு அலறியது. நாரைக் குஞ்சின் குரல், உயிர் போகிற மாதிரி. மருதாயி சட்டென்று திரும்பினாள். மற்ற நாரைகளும் வாயில் இருந்த மீனைப் போட்டுவிட்டு அலறல் வந்த புதரைப் பார்த்துப் பாய்ந்தன. புதரில் குஞ்சு எதுவும் இல்லை. நாரைகள் இங்கும் அங்கும் தேடிக்கொண்டிருக்கும்போது, கத்தரிவாலன் அந்தப் புதரின் மறுபக்கமாக வெளியே வந்தான். மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு கெண்டைக் குஞ்சைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போனான். கரிச்சானுக்கு எல்லாக் குரலும் வரும்.

மருதாயி அவன் எதிரில் போய் இறங்கினாள். "இதுக்குத்தானா?"

கத்தரிவாலன் மீனை விழுங்கி முடித்தான். "எனக்கும் வயிறு இருக்குதுல்ல."

"ஓட்டை எங்கே எடுத்தே?"

"கீழே கிடந்துச்சு, எடுத்தேன். யாரையும் அடிங்கன்னு நான் சொல்லலையே. கேக்கிறதுக்கு ஆள் இருக்கு, நான் சொல்றேன். நீ போய் எல்லார்கிட்டயும் சொல்லிப் பாரு. உன் பேச்சை யாரு கேப்பாங்க?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெறும் பேச்சு எடுபடாது. அவள் கீழ்க்கரையை நோக்கிப் பறந்தாள். எதிர்க்காற்று. ஒவ்வொரு சிறகடிக்கும் தன் குஞ்சுகளுக்கு மேலே வட்டமிடும் பருந்துகளின் நினைப்பு வந்தது.

கீழ்க்கரை மரங்களைப் பார்த்ததும் அவள் தடுமாறிப்போனாள். கூடுகள் எல்லாம் முழுசாக இருந்தன. சிலவற்றில் முட்டைகள் பத்திரமாக இருந்தன, மற்றவற்றில் குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருந்தன. ஆனால் பெரிய நாரைகள் எல்லாம் ஒரே மரத்தில் கூடி, கிளம்புவதற்குத் தயாராக நின்றன.

பேச்சி என்ற நாரை அவளைக் கண்டதும் ஓடிவந்தாள். "அடி மருதாயி, உயிரோட இருக்கியா? தென்கரையில உங்க முட்டை மொத்தத்தையும் நீர்க்காகங்க உடைச்சுட்டாங்களாமே! உங்களுக்காகத்தான் வடகரைக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கோம்."

"யாரு சொன்னது?"

"கரிச்சான் ஓட்டையே கொண்டாந்து காட்டினானே."

"எங்ககிட்ட, உங்க முட்டையை உடைச்சுட்டாங்கன்னு சொல்லியிருக்கான்" என்றாள் மருதாயி. "நாங்க உங்களுக்காகக் கிளம்புறோம். நீங்க எங்களுக்காகக் கிளம்புறீங்க."

கீழ்க்கரைக் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. பேச்சி மட்டும் தாமதிக்கவில்லை. "வா, நானே வந்து சொல்றேன்" என்று மருதாயியோடு பறந்தாள்.

தென்கரையில் நாரைகள் அணிகட்டி நின்றன. மருதாயி நடுவில் இறங்கினாள்.

"கீழ்க்கரையில ஒரு முட்டைகூட உடையலை. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

நெட்டையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சண்டை நடக்கிற நேரத்துல பேசுற பேச்சா இது? நீ எந்தப் பக்கம்?"

"நீர்க்காகம் எத்தனை மீன் குடுத்துச்சாம்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

மருதாயி நேரே தன் மரத்தடிக்குப் போனாள். அங்கே அவளுடைய உடைந்த முட்டை இன்னும் கிடந்தது. நான்கு நாளாக அந்தப் பக்கமே அவள் பார்த்ததில்லை. இப்போது அதை மெல்லக் கவ்விக்கொண்டு வந்து, கரிச்சான் கொண்டுவந்த ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கிட்ட வந்து பாருங்க. இது என் பிள்ளை. நிஜமாவே உடைஞ்சது. ஓடு உள்பக்கமா நொறுங்கியிருக்கு. கரு காய்ஞ்சு ஒட்டியிருக்கு. எறும்பு மொய்ச்சிருக்கு. நாத்தம் அடிக்குது, மோந்து பாருங்க. அந்த ஓட்டையும் மோந்து பாருங்க."

நாரைகள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தன.

"என் வீட்டுக்காரர் சிறகை ஒடிச்சது நீர்க்காகம். அதை நான் மறக்கலை. அதுக்கு நியாயம் கேக்கணும்னா முதல் ஆளா நான் வரேன். நடக்காத ஒண்ணுக்காக என் குஞ்சுங்களைப் பருந்துகிட்ட விட்டுட்டு வரமாட்டேன்."

பேச்சி முன்னால் வந்தாள். "நான் கீழ்க்கரைக்காரி. என் மூணு முட்டையும் பத்திரமா இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நெட்டையப்பனின் கழுத்து மெல்லத் தாழ்ந்தது. "ஒன்பது பசங்க முன்னாலேயே கிளம்பிட்டாங்களே" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மருதாயி வானத்தில் இருந்தாள். மடுவுக்கு மேலே ஏழு பேரைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை. அவள் வடகரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த இருவரும் எதிரே வந்தார்கள். அவர்கள் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. அவளைப் பார்க்காமல் ஒதுங்கிப் பறந்தார்கள்.

மறுநாள் காலையில் வடகரையில் ஒரே இரைச்சல். கத்தரிவாலன் இப்போது அங்கே இருந்தான். "நாப்பது முட்டையை நாரைங்க உடைச்சுட்டாங்க" என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த முறை அவன் காட்டிய ஓட்டில் கறை இருந்தது.

மருதாயி தனியாகத்தான் போனாள். நீர்க்காகங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று அவள் காலைக் கொத்தியது. ரத்தம் வந்தது. அவள் நகரவில்லை.

"முட்டை யாரோடது?" என்று கேட்டாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து கரும்பி என்ற நீர்க்காகம் வந்தது. காலியான கூட்டிலிருந்து இறங்கி வந்தவள். "என்னோடது."

"எத்தனை?"

"மூணு."

"அப்போ மூணு" என்றாள் மருதாயி. "எங்க ஆளுங்க ரெண்டு பேர் உடைச்சாங்க. அவங்க அலகுல கருவை நான் பார்த்தேன். எங்க கூட்டத்துலயும் இதைச் சொல்லுவேன். என் வீட்டுக்காரர் சிறகை உங்க ஆள் ஒடிச்சான். உன் முட்டையை எங்க ஆளுங்க உடைச்சாங்க. இது ரெண்டும் நடந்தது. நாப்பது நடக்கலை."

கரும்பி தன் காலியான கூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து என் மூணுக்காக நான் அழுதேன்" என்றாள். "பக்கத்து மரத்துலகூட யாரும் திரும்பிப் பார்க்கலை. இன்னிக்கு நாப்பதுன்னதும் எல்லாரும் ஓடி வந்தாங்க. அந்த நாப்பதுல என் மூணு எங்கே போச்சுன்னே தெரியலை. நீ ஒருத்திதான் யாரோடது, எத்தனைன்னு கேட்டே."

சுற்றி நின்ற நீர்க்காகங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அவள் காலைக் கொத்திய நீர்க்காகம் பின்வாங்கியது.

அன்றைக்கே சமாதானம் ஆகிவிடவில்லை. அந்த இரண்டு நாரைகளும் வடகரைக்கு வந்து கரும்பியின் முன்னால் தலைகுனிந்து நிற்பதற்கு இரண்டு நாள் ஆனது. சடையன் சிறகை ஒடித்தவன் அவனுக்கு மீன் கொண்டுவந்து போட இன்னும் ஒரு நாள் ஆனது. காலையில் நீர்க்காகங்கள், சாயங்காலம் நாரைகள் என்று மடுவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மழை வரும்வரை அது முணுமுணுப்போடுதான் நடந்தது, ஆனாலும் நடந்தது.

கத்தரிவாலன் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. எங்காவது ஓர் ஓட்டையோ இறகையோ கவ்விக்கொண்டு வருவான். நாரைகள் கூட்டை விட்டு எழுவதில்லை. "எங்கே, எப்போ, யாரோடது?" என்று கேட்கும். ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லும். போனவர் திரும்பி வரும்வரை வாயில் இருக்கும் மீனைக் கீழே போடுவதில்லை.

பொய்யைக் கட்டிவிடுகிறவன் ஒருவன்தான். அதை விசாரிக்காமல் அடுத்தவருக்குக் கடத்துகிற ஒவ்வொருவரும் அதனால் சிந்தும் ரத்தத்துக்குப் பங்காளி.