சோப்பு நுரை

தூத்துக்குடி புறவழிச்சாலையில் பவுலின் மேஸ்திரியின் பட்டறை இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் பிரேக் பார்க்க அங்கேதான் வரும்.

அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த சண்முகையா அவளைவிட மூத்தவர். முன்பு டிரெய்லர் ஓட்டியவர். ஒருநாள் மலைச்சரிவில் அவர் வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கிளீனர் மாசாணம் அங்கேயே இறந்தான். அதன்பிறகு சண்முகையா எந்த வண்டியிலும் ஏறவில்லை. பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

அன்று ஒரு டிரெய்லருக்குப் புது பிரேக் லைனிங் போட்டிருந்தார். பிரேக்குக்குக் காற்று போகும் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். காற்று கசிந்தால் நுரைக்கும். நுரை எழவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் தடவினார்.

டிரைவர் கருத்தப்பாண்டி ஹாரன் அடித்தான். "பெருசு, கப்பல் போயிரும்!"

சண்முகையா மீண்டும் வண்டிக்கடியில் நுழைந்தார்.

பவுலின் குனிந்து பார்த்தாள். "லீக் இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல."

"பிறகு?"

அவர் மெல்ல வெளியே வந்தார். கையில் சோப்பு வழிந்தது.

"வேலை முடிஞ்சிட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேஸ்திரி? எப்படி 'போ'ன்னு சொல்லுதீங்க?"

பவுலின் தானும் ஒருமுறை அடியில் படுத்துப் பார்த்தாள். எழுந்து கேபின் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க. துறைமுகம் வரைக்கும் போயிட்டு வாங்க."

"நான் ஓட்ட மாட்டேன்."

"நீங்க ஓட்ட வேண்டாம். இந்தப் பக்கம் உக்காருங்க."

சண்முகையா கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கருத்தப்பாண்டி கை நீட்டினான். ஏறிக்கொண்டார்.

அவர் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. பவுலின் ஸ்பேனர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"உப்பளம் பக்கத்துல ஒருத்தன் சைக்கிளோட குறுக்க வந்துட்டான்."

அவள் கை நின்றது. "வண்டி?"

"நின்னுட்டு. அவன் ஏசிக்கிட்டே போயிட்டான்."

"பிரேக்கை யாரு மிதிச்சா?"

"கருத்தப்பாண்டி." அவர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். "நானும் மிதிச்சேன்."

"உங்க காலடியில என்ன இருந்துச்சு?"

"வெறும் தகரம்."

பவுலின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"மாசாணமும் இப்படித்தான் மிதிச்சிருப்பான், மேஸ்திரி." அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். "அவன் சீட்டு அது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள். சாலையில் ஒரு டிரெய்லர் கடந்து போனது. அது மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"'போ'ன்னு சொன்ன வண்டி நம்ம வாசலைத் தாண்டிட்டா," என்றாள் பவுலின், "எனக்கும் அந்தப் பக்கத்து சீட்டுதான் அண்ணாச்சி."