எலுமிச்சம்பழத்தில் ஏறிய லாரி

திருச்செங்கோட்டில் ஒரு வீட்டு முன்னறையில் ஒரு லாரி நின்றது. முன்னறைக்குள் லாரி எப்படி நுழைந்தது என்று கேட்காதீர்கள். ஒரு முழ நீளம்தான். ரிமோட்டில் ஓடுகிற பொம்மை லாரி. பொம்மை என்று அதன் சொந்தக்காரர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அவர் பெயர் செங்கோட்டுவேலு. நிஜ லாரியை வடக்கேயும் தெற்கேயும் ஓட்டித் தீர்த்தவர். கண் மங்கியதும் வண்டியை விற்றார். விற்ற பிறகு இருப்புக்கொள்ளாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் ட்ரிப் அடித்தார். "உங்கப்பன் கால்ல மிதிபட்டே நான் சாகப்போறேன்" என்று மனைவி பாவாயி போனில் புலம்ப, மகள் இந்த லாரியை வாங்கி அனுப்பினாள்.

வந்தபோது அது ஏதோ வெள்ளைக்கார லாரி. அவர் விடுவாரா? பலகை அறுத்துப் பின்பக்கம் பெட்டி கட்டினார். மஞ்சள் பெயிண்ட் அடித்தார். நெற்றியில் 'தாய் தந்தை ஆசி' என்று எழுதி, இரண்டு பக்கமும் கறுப்புக் குஞ்சம் தொங்கவிட்டார். தினமும் சாயங்காலம் ஓட்டி முடித்ததும் செய்தித்தாளை விரித்து வண்டியைப் பிரிப்பார். பழைய பல் பிரஷ்ஷால் தூசி தட்டி, பல்சக்கரங்களுக்கு கிரீஸ் தடவுவார்.

"சொந்தப் பல்லை இப்படி வெளக்கியிருந்தா முன்பல்லு ரெண்டும் வாயிலயே இருந்திருக்கும்" என்பாள் பாவாயி. சொல்லிவிட்டுக் காப்பியையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த லாரியின் வயிற்றுக்குள் ஒரு குடித்தனமே நடந்தது. குடும்பத் தலைவர் மோட்டார். அவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம். மோட்டார் சுற்றுகிற சுற்றை வாங்கிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. மோட்டாருக்கோ எடுத்த எடுப்பிலேயே சீறித்தான் பழக்கம்.

"அண்ணா, கொஞ்சம் மெதுவாக் கிளம்புங்களேன். பல்லெல்லாம் கூசுது" என்றது வெள்ளைச் சக்கரம் ஒருநாள்.

"பால் பல்லை வெச்சுக்கிட்டு லாரி உத்தியோகத்துக்கு வந்தியாக்கும்?" என்றார் மோட்டார். பேட்டரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பேட்டரிக்கு வேலையே அதுதான். யார் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் சிரிக்கும்.

ஆயுத பூஜைக்கு முன்பு ஒரு பார்சல் வந்தது. அதற்குள் அதே அளவில், அதே எண்ணிக்கைப் பல்லோடு ஓர் இரும்புச் சக்கரம். செங்கோட்டுவேலு அதை லாரியின் பக்கத்திலேயே வைத்தார். வெள்ளைச் சக்கரத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் எடுத்துச் சொல்லவேண்டிய விஷயமா அது?

"நீங்க ரொம்பப் பலசாலியோ?" என்று மெதுவாகக் கேட்டது.

"பிடிச்சா விடமாட்டேன்" என்றது இரும்பு.

"எதையுமேவா?"

"எதையுமே."

"எதிர்ல சுவரே இருந்தாலும்?"

"அது சுவரோட கவலை."

வெள்ளைச் சக்கரம் மோட்டாரை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

பூஜையன்று லாரிக்கு விபூதிப் பட்டையும் சந்தனமும் வைத்து, சாமந்தி மாலை போட்டார்கள். லோடு இல்லாத வண்டிக்கு என்ன பூஜை என்று செங்கோட்டுவேலு ஈர மணலைச் சிறு மூட்டையாகக் கட்டிப் பெட்டியில் ஏற்றினார். சொரசொரப்பான வாசல் சிமெண்டில், படியின் விளிம்பு தடுக்கும் இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். முன்சக்கரங்களுக்கும் படிக்கும் நடுவே இரண்டு எலுமிச்சம்பழங்களை இறுக்கி வைத்தார். நிஜ லாரிக்கு வைக்கிற அதே நாட்டுப் பழம். இந்தச் சின்ன லாரியின் சக்கரத்தில் பாதி உயரத்துக்கு மேலேயே வரும் பழம்.

"ஏனுங்க, இதென்ன பாறாங்கல்லை வெச்சாப்பல இருக்குது? சின்னதா ரெண்டு காய் பாத்து வெக்கறது" என்றாள் பாவாயி.

"லாரின்னா பழத்துமேல ஏறித்தான் கிளம்போணும். இன்னிக்கு நசுக்கிக் காட்டிட்டா இந்தப் பிளாஸ்டிக்கே இருந்துட்டுப் போகட்டும். இல்லீன்னா நாளைக்கு இரும்பைப் போட்டுர்றேன்."

அந்த வார்த்தை லாரியின் வயிற்றுக்குள் போய் விழுந்தது. பிழைக்க ஒரு வழி இருக்கிறது! வெள்ளைச் சக்கரம் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். சூடம் காட்டினார்கள். செங்கோட்டுவேலு ரிமோட்டை அழுத்தினார்.

மோட்டார் சீறினார். லாரி முக்கியது. பழம் அசையவில்லை.

"பிடிடா! ஊரே பாக்குது!" என்றார் மோட்டார்.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேங்கண்ணா!"

முன்னால் பழம், அதற்கு முன்னால் படி. பின்னால் மணல் மூட்டை சக்கரங்களை வழுக்கவும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. செங்கோட்டுவேலு ரிமோட்டை இன்னும் அழுத்தினார். அவருடைய பழைய லாரி ஒருநாளும் அவரை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

வெள்ளைச் சக்கரம் விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமே கொஞ்சம் என்று தாங்கியது. அப்போது பக்கத்திலிருந்து அனல் அடித்தது. கருகல் வாசனை வந்தது. சுற்ற வழியில்லாமல், வந்த மின்சாரமெல்லாம் மோட்டாரின் உடம்பிலேயே நெருப்பாகிக்கொண்டிருந்தது.

"அண்ணா?"

அனல்தான் இன்னும் ஏறியது.

"அண்ணா!"

"உள்ள எரியுதுடா தம்பி." மோட்டார் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. தம்பி என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை.

வெள்ளைச் சக்கரத்துக்கு ஒரு நொடிதான் இருந்தது. பிடித்தால் தன் இடம் நிலைக்கும். விட்டால் அண்ணன் இருப்பார். யோசித்ததா என்று கேட்டால், யோசிக்கிற நேரம் அதில்லை.

"நான் விட்டுடறேங்கண்ணா. நீங்க நல்லா மூச்சு விடுங்க."

கரகரவென்று ஒரு சத்தம். பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மோட்டார் சட்டென்று இலகுவாகச் சுழன்றார், காற்று உள்ளே போனது, அனல் தணிந்தது. லாரி மட்டும் மாலையும் பொட்டுமாக அங்கேயே நின்றது.

"மாமனுக்கு லாரி பிரேக்டவுன்!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். பேட்டரி மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

செங்கோட்டுவேலு லாரியை உள்ளே தூக்கிவந்து பிரித்தார். மொட்டையாகிப்போன வெள்ளைச் சக்கரத்தைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"பாத்தியா பாவாயி, பிளாஸ்டிக்னா இப்படித்தான். இரும்பை எடு" என்றபடி மோட்டாரைத் தொட்டவர், "யம்மா!" என்று விரலை உதறினார்.

"என்னாச்சுங்?"

"நெருப்பாட்டம் கொதிக்குது."

பாவாயி பொரிகடலையை வாயில் போட்டபடி வந்து எட்டிப் பார்த்தாள். "அது மட்டும் ஒடையாம இருந்திருந்தா?"

"மோட்டார் கருகியிருக்கும்."

"அப்ப இரும்பைப் போட்டுட்டு, அடுத்த வருசம் பழத்துக்கு மோட்டாரைப் பலி குடுக்கப் போறீங்களா? விட்டுக்குடுக்கிற ஒண்ணு நடுவுல இருக்கட்டுங்க. எந்த வீட்லயும் அது ஒண்ணு வேணும்."

அவர் விரலை ஊதிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டு, அதே மாதிரி இன்னொரு பிளாஸ்டிக் சக்கரம் அனுப்பச் சொன்னார். இரும்புச் சக்கரம் டப்பாவுக்குள் போனது. அதற்கு வருத்தமில்லை, வருத்தப்பட அதற்குத் தெரியாது. உதிர்ந்த பற்களும் மொட்டைச் சக்கரமும் கிரீஸ் கறை படிந்த செய்தித்தாளோடு சுருண்டு குப்பைக்குப் போயின. மாலையெல்லாம் லாரியின் முகப்புக்குத்தான். வயிற்றுக்குள் இருந்ததற்கு யார் போடுவார்கள்?

புதுச் சக்கரம் வந்து சேர்ந்தது. பளிச்சென்று வெள்ளையாய், ஒரு கீறலும் இல்லாமல், பயந்த முகத்தோடு மோட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்தது.

செங்கோட்டுவேலு ரிமோட்டை அழுத்தினார். புதுச் சக்கரம் பல்லைக் கடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டது. சீறலே வரவில்லை. தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல, லாரி மெல்ல நகர்ந்தது.

"அண்ணா, நீங்க எடுத்த எடுப்புல சீறுவீங்கன்னு பேட்டரி சொல்லுச்சே?"

மோட்டார் இன்னும் மெதுவாகச் சுற்றினார்.

"பல் கூசுதாடா தம்பி?" என்று கேட்டார்.