சிந்தாமல் சிதறாமல் ஓர் அடி

எந்த ஊரிலும் புத்திசாலிகள் நாலு பேராவது இருப்பார்கள். வாகைக்குறிச்சியிலும் இருந்தார்கள், நாலு பேரும் துபாய்க்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் சிலர் இருதயராஜின் தையல் கடையில் கூடி, பகடை உருட்டி அரக்கர்களோடு சண்டை போட்டு வந்தார்கள்.

ஆளுக்கு ஒரு வீரன். அவன் அடி எவ்வளவு, உயிர் எவ்வளவு என்பதெல்லாம் ஓர் அட்டையில் எண்களாக இருக்கும். கதையை நடத்துகிறவர் கயிற்றுக்கடை காதர் மைதீன்; அரக்கர்களுக்காகப் பகடை உருட்டுவதும் அவர்தான். வீரனின் உயிர் பூஜ்யமானால் அட்டையைக் கிழித்துவிட வேண்டும். அது சட்டம்.

மாவு மில் பொன்னம்பலத்தின் வீரன் கோடாரி மாடன். பெறாத பிள்ளை. அட்டைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மில்லில் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தார்; ஆட்டத்துக்கு மட்டும் கழற்றிக் கொண்டுவருவார். அந்த மாடன் ஒருநாள் டிராகன் முன்னால் நிற்க வேண்டி வந்தது. பொன்னம்பலத்துக்கு அன்று காலையில் இட்லி இறங்கவில்லை.

"பாய், எம்புள்ள பிழைக்க ஒரு வழி சொல்லும்" என்றார்.

"அடியைப் பெருசாக்கும் அண்ணாச்சி. மத்ததை எல்லாம் விட்டுரும்."

விட்டார்கள். மாடனின் கேடயத்தை விற்றுப் பெரிய கோடாரி வாங்கினார்கள். கவசத்தை விற்று அதற்குச் சாணை பிடித்தார்கள். வேட்டி மட்டும் மிஞ்சியது.

"உயரத்துல நின்னு அடிச்சா அடி கூடும்" என்றார் காதர்.

பொன்னம்பலத்தைத் துணி வெட்டும் மேஜைமேல் ஏற்றினார்கள்.

"கோவம் வந்தா ரெட்டிப்பு."

அங்கேதான் சிக்கல். பொன்னம்பலத்துக்குக் கோபமே வராது.

"உம்ம மில்லு மாவுல மண்ணு கிடக்கு வே" என்றார் சைக்கிள் கடை செல்லையா.

"ஆமாய்யா, கிடக்கு" என்று வருத்தப்பட்டார் பொன்னம்பலம்.

"உமக்கு நான் தச்ச சட்டையில ஒரு கை கட்டை" என்றார் இருதயராஜ்.

"பரவால்ல டெய்லரே, காத்தோட்டமா இருக்கு."

செல்லையா வெகுநேரம் யோசித்தார். "உம்ம மாடனுக்கு மூக்கு சப்பை."

"எவம்லே சொன்னது?" மேஜை ஆடியது. அடி ரெட்டிப்பானது. எல்லாம் கூட்டினால் எண்பது!

எல்லாரும் கையைத் தட்டி ஓய்ந்த பிறகு காதர் மெதுவாகச் சொன்னார்: "டிராகனுக்கு உயிர் முப்பதுதான் மிச்சம்."

எல்லாரும் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார்கள்.

"அப்போ அம்பது அடி வீணா?" என்றார் இருதயராஜ். துணியில் விரற்கடை வீணானாலும் தூக்கம் வராதவர் அவர்.

"கேடயத்தை வித்த அடியாச்சே" என்று கலங்கினார் பொன்னம்பலம்.

தீர யோசித்துச் செல்லையா ஒரு வழி சொன்னார். "நம்மகிட்ட இருக்கிற உயிர் ஏத்துற மருந்தை எல்லாம் டிராகனுக்குக் குடுப்போம். எண்பதுக்கு வரட்டும். ஒரே அடி. ஒரு பொட்டு சிந்தாது."

அப்படியே ஊட்டினார்கள். டிராகன் எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்தது.

"இப்ப அடிக்கேன் பாரும்!" என்று பகடையை எடுத்தார் பொன்னம்பலம்.

"மருந்து குடுத்ததுல உங்க முறை முடிஞ்சுபோச்சு. இப்ப டிராகன் முறை" என்று காதர் பகடையை வாங்கி உருட்டினார். "நாப்பது அடி. மாடன்கிட்ட உயிர் எத்தனை?"

"பன்னெண்டு" என்றார் பொன்னம்பலம். அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். இருதயராஜ் கண்ணைத் துடைத்தபடி கத்தரிக்கோலை எடுத்தார்.

திடீரென்று பொன்னம்பலம் நிமிர்ந்தார். "பாய், அப்போ டிராகனுக்கும் இருபத்தெட்டு அடி வீணாப் போகுதே?"

காதர் திடுக்கிட்டார். டிராகன் அவருடைய டிராகன். அதன் பொருள் வீணாவதை அவர் எப்படிப் பொறுப்பார்? "ஆமா வே! மாடனுக்கும் மருந்து ஏத்திட்டுல்லா அடிக்கணும்."

கையில் மருந்து இல்லை. ஆகவே டிராகனும் மாடனும் சேர்ந்து மலையிறங்கி, கதைக்குள் இருந்த மருந்துக் கடைக்குப் போனார்கள்.

"பூட்டியிருக்கு" என்றார் காதர். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா."

இவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விளையாடுவார்கள். வாராவாரம் போய்ப் பார்க்கிறார்கள், வாராவாரம் பூட்டியிருக்கிறது. போன வாரம் டிராகனே பொறுமையிழந்து, பக்கத்து ஊரில் ஒரு கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்குமாம் என்று மாடனைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறது.