யாருடைய அனுபோகத்திலும் இல்லை

"அம்மா, என் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்," என்றார் சென்னியப்பன்.

சீடருக்கு அறுபத்தொரு வயது. ஓய்வுபெற்ற சர்வேயர். குரு வேலாத்தாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஊரே அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டது.

சென்னியப்பன் அளந்து கொடுத்த மேய்ச்சல் நிலத்தை ஒரு கம்பெனி கம்பி வேலி போட்டு வளைத்துக்கொண்டது. அங்கே மாடு மேய்த்துவந்த நஞ்சப்பன் ஒன்பது மாடுகளையும் அடிமாட்டுக்குத் தள்ளிவிட்டு, வேலியோரம் உட்கார்ந்து பூச்சிமருந்தைக் குடித்துச் செத்துப்போனார். அன்றிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா தப்பு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யாரோ விட்டுப்போன ஒரு அமெரிக்க நாவலை எடுத்து நீட்டினார். தமிழில்தான் இருந்தது. அட்டையில் குதிரை, தொப்பி, துப்பாக்கி.

"இதுல ஒரு மாட்டுக்காரக் கிழவன் சாகறான். அவன் சாவுக்கு யாரெல்லாம் காரணம்னு பார்த்துட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

ஆறுதல் தேடி வந்த மனுஷனுக்குக் கௌபாய் கதை! ஆனாலும் படித்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் அல்லவா, பாத்திரம் பாத்திரமாகப் பிரித்து, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார்.

"முதல்ல பண்ணை முதலாளி கிராடிங்க. பேராசை புடிச்சவன். கண்ணுக்கெட்டுன மேய்ச்சலுக்கெல்லாம் முள்கம்பி போட்டுட்டான்."

அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"ஷெரிஃப், அந்த ஊரு போலீஸ் அதிகாரி. கிழவனோட சேர்ந்து மாடு ஓட்டினவன்தானுங்க. சட்டையில நட்சத்திரத்தைக் குத்தினதும் பழசை மறந்துட்டான். கடைசியில சுட்டதும் அவன்தான்."

"அப்புறம்?"

"கிழவன் ஹார்லன் மட்டும் யோக்கியமா? வெறும் வீம்புங்க. ரயில் வந்தாச்சு, காலம் மாறிப்போச்சு. இன்னமும் வேலியை வெட்டுவேன்னு நின்னா?" சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதுவும் அது தரிசு. யாருடைய அனுபோகத்திலும் இல்லை. அவனுக்கு அங்க என்ன பாத்தியதை?"

அம்மாவின் கை நின்றது.

"அந்த நிலம் யாரோட அனுபோகத்திலயும் இல்லைன்னு யாரு சொன்னது?"

"நாவல்லயே இருக்குதுங்களே."

"எடுத்துக் காட்டுங்க."

காலையில் புரட்ட ஆரம்பித்தவர் பொழுது சாயும் வரை புரட்டினார். கிராடி அப்படிச் சொல்லவில்லை. ஷெரிஃப் சொல்லவில்லை. வேலி போடும்போதுகூட அவர்கள் அந்த இடத்தை 'ஹார்லன் மாடு மேய்க்கிற காடு' என்றுதான் சொன்னார்கள். அந்தப் போக்கிரிகளுக்கு அவ்வளவாவது நாணயம் இருந்தது.

சென்னியப்பன் புத்தகத்தை மூடினார்.

"இதுல இல்லைங்கம்மா."

"பின்னே எங்க படிச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

"படிக்கலைங்க. எழுதினேன்."

"எதுல?"

"மேய்ச்சல் நிலத்தை அளந்த அன்னைக்கு, அளவுப் புத்தகத்துல. மேலிடத்துல அப்படி எழுதச் சொன்னாங்க. ஆள் அனுபோகம் இருக்குதுன்னு, யாரோ புழங்கிட்டு வர்றாங்கன்னு எழுதினா கம்பெனிக்குக் கொடுக்க முடியாது. ஒரே ஒரு வரிதானுங்கம்மா."

அம்மா ராத்திரிச் சமையலுக்கு இன்னொரு கூறு அவரைக்காயை எடுத்தார்.

"சங்கிலி புடிச்சுத்தானே அளந்தீங்க?"

"ஆமாங்க."

"ஒரு முனை உங்க கையில. அந்தப் பக்கம் யாரு?"

"சங்கிலி புடிக்கிற ஆள் அன்னைக்கு வரலைங்க..."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"யாருமே இல்லையா?"

"மாட்டையெல்லாம் ஓரமா ஒதுக்கிட்டு வந்து," என்றார் சென்னியப்பன், "நஞ்சப்பன்தானுங்க புடிச்சாரு."