குட்டைக் கதிர்

"நெல் மறுபடியும் சாஞ்சிடுச்சும்மா. வயலைக் கொடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்."

சேற்றுக் காலோடு வந்து நின்றார் அம்பலவாணர். காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் ஞானம் தேடி மடத்துக்கு வந்தவர். அவருக்குக் குருவாக வாய்த்த அரசியம்மை அவரைவிட இளையவர்.

மடத்துக்கு இருந்தது ஒரே வயல். வழிப்போக்கர்களுக்கு மதியக் கஞ்சி அந்த நெல்லில்தான். வயலுக்குக் கிழக்கே கோதண்டம் என்பவர் நாலு மாடிக் கல்யாண மண்டபம் கட்டினார். அன்றிலிருந்து உச்சிவேளை நெருங்கும்வரை பயிருக்கு வெயில் கிடையாது.

"நிழல்ல என்ன விளையும்? வண்டி நிறுத்த எனக்குக் கொடுத்துடுங்க" என்று கோதண்டம் அடிக்கடி வந்து கேட்பார். சிரித்துக்கொண்டே கேட்பார். அதுதான் வயிற்றெரிச்சல்.

"எல்லாமேவா சாஞ்சது?" என்றார் அரசியம்மை.

"நெட்டையெல்லாம் படுத்துடுச்சு. குட்டை நிக்குது. நின்னு என்ன பண்ண?"

"விதைநெல் எதுலேருந்து எடுத்தீங்க?"

"நெட்டையாப் பார்த்துத்தான். நம்ம வழக்கம் அதுதானே?"

வழக்கம்தான். இருப்பதிலேயே உயர்ந்த கதிர்களைச் சாமிக்குப் படைப்பார்கள். படைத்ததையே மறுபோகத்துக்கு விதைப்பார்கள். ஏன் என்று கேட்டவர் இல்லை.

அரசியம்மை சேலையைச் செருகிக்கொண்டு, அரிவாளோடு வயலில் இறங்கினார். சாய்ந்த கதிர் ஒன்றை உருவி அம்பலவாணர் கையில் வைத்தார்.

அவர் நசுக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் பதர்.

அடுத்து ஒரு குட்டைக் கதிர். மணி கெட்டியாக இருந்தது. இலை அகலமாக, கரும்பச்சையாக இருந்தது.

"ஒரே நாற்றங்கால். ஒரே நிழல். நெட்டை என்ன செஞ்சுது?"

"வெயிலைத் தேடி மேல ஓடிச்சு. ஓடியே இளைச்சுப்போச்சு."

"குட்டை?"

"நின்ன இடத்துலயே இலையை விரிச்சிருக்கு."

"யார் சொல்லிக்கொடுத்தா?"

"யார் சொல்லணும்? அது விதையிலேயே இருக்கும்மா."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த பதரைப் பார்த்தார்.

"அப்போ வருஷா வருஷம் ஓடுறதையே பொறுக்கி விதைச்சிருக்கோம். நான்தான் விதைச்சிருக்கேன்!"

அரசியம்மை அரிவாளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கரையேறினார்.

அந்த வருஷம் சாமிக்குக் குட்டைக் கதிர் போயிற்று. ஊர் முணுமுணுத்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

மறுவருஷம் கொஞ்சம் நின்றது, கொஞ்சம் சாய்ந்தது. நின்றதிலும் நல்லதாகப் பார்த்து அம்பலவாணர் பொறுக்கினார். கஞ்சி தண்ணீராக ஓடியது. ஆனால் ஒருநாளும் நிற்கவில்லை.

அதற்கடுத்த தையில் வயல் முழுக்கக் குட்டை நெல். கதிரெல்லாம் மணி முற்றிக் கனத்திருந்தது. காற்று அடித்தும் ஒன்றும் படுக்கவில்லை.

கோதண்டம் வந்து பார்த்தார். அன்று சிரிப்பு வரவில்லை.

"மேல இன்னும் ரெண்டு மாடி எழுப்பப் போறேன். அப்புறம் என்ன விளையுதுன்னு பார்க்கலாம்."

அம்பலவாணர் குருவைப் பார்த்தார். அரசியம்மை வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

அம்பலவாணர் ஒரு குவளைக் கஞ்சியை வாங்கிக் கோதண்டத்திடம் நீட்டினார்.

"குடிங்கண்ணே, உங்க நிழல்ல விளைஞ்சதுதான். மாடியைச் சீக்கிரமாக் கட்டுங்க. அந்த நிழலுக்கும் நான் விதை பொறுக்கணும்."