நண்டுக்கால் பார்த்த சீட்டு

ஜெசிந்தா டீச்சரிடம் போக்கர் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். பெங்களூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சீடர்கள் லேப்டாப்போடு வருவார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆடுவார்கள்.

அந்த வீட்டில் இரண்டு விதிகள். ஆட்டம் நடக்கும்போது குரு யார் திரையையும் பார்க்க மாட்டார். சீட்டு பிடிக்காமல் போட்டுவிட்ட சீடன், மற்றவர்கள் அந்தச் சுற்றை ஆடி முடிக்கும்வரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

இரண்டாவது விதியை வேதமாணிக்கம் அண்ணாச்சி ஒருநாளும் மதித்ததில்லை. அவருக்கு லாரி புக்கிங் ஆபீஸ். லோடு ஏன் தாமதம் என்று லாரிக்காரர்கள் சொன்ன காரணங்களை இருபது வருஷமாகக் கேட்டவர். அவர் யாரையாவது நம்பியிருந்தால்தான் அதிசயம்.

அன்றைய போட்டியில் இரண்டாயிரம் பேருக்கு மேல். பணம் கிடையாது; பந்தயம் கட்ட ஆளுக்குக் கொஞ்சம் காய்கள் கொடுப்பார்கள், அவை தீர்ந்தால் வெளியே. கடைசிவரை தாக்குப்பிடிக்கும் முப்பது பேருக்குக் கொழும்பில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆட இடம் கிடைக்கும். அந்த மேசையில் ஒருநாளாவது உட்கார வேண்டும் என்று அண்ணாச்சிக்குக் கொள்ளை ஆசை. ஏற்கெனவே இரண்டு முறை கிட்டத்தில் போய்த் தோற்றவர். இந்தத் தடவையும் இல்லையென்றால் இந்த ஆட்டத்தையே விட்டுவிடுவதாக மனைவி புஷ்பத்திடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

இன்னும் நாற்பது பேர் மிச்சம் இருந்தபோது இடைவேளை விட்டார்கள். அண்ணாச்சி குருவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், ஒருத்தன் என் சீட்டைப் பாக்கான்.”

“யாரு அண்ணாச்சி?”

“நண்டுக்கால்னு பேரு வச்சிருக்கான். எனக்கு அடுத்த இடம். நல்ல சீட்டு வந்து நான் பந்தயத்த ஏத்துனா போதும், சீட்டைப் போட்டுட்டு ஓடிருதான்.”

“எப்படிப் பாப்பான்?”

“கேமராவா இருக்கும்னு அதுமேல பிளாஸ்திரி ஒட்டுனேன். அப்பவும் ஓடுதான்.”

ஒட்டியிருந்தது சின்னத் துண்டு அல்ல. முழங்கால் சிராய்ப்புக்கு ஒட்டுகிற அளவு.

“பிறகு?”

“பின்னால சேவியர் இருக்கான்.”

“சேவியர் அந்தச் சுவரைப் பாத்துல்லா உக்காந்திருக்கான்?”

“கண்ணாடி போட்டிருக்கான் டீச்சர். அதுல தெரியாதா?”

முதல் மணி நேரத்திலேயே தோற்றுப்போன சேவியர் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை.

“பிறகு?” என்றார் குரு.

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். “என் ஆட்டம் முழுசும் தெரிஞ்ச ஆளு ஒரே ஒரு ஆளுதான்.”

“நண்டுக்கால் நாந்தானான்னு கேக்கீங்க.”

“நான் கேக்கல. நீங்களும் இல்லைன்னு சொல்லல.”

எனக்கென்றால் கோபம் வந்திருக்கும். குரு தன் செல்போனை அணைத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டே, சமையலறையில் இன்னொரு போன் இருக்குமோ என்று அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“உங்களுக்கு மோசமான சீட்டு வந்தப்போ அவன் என்ன செஞ்சான்?” என்று கேட்டார் குரு.

“அத யாரு பாத்தா? நான் போட்டுட்டு சேவியரைல்லா பாத்துட்டிருந்தேன்.”

“மத்தவங்க?”

“அவங்கள நான் எதுக்குப் பாக்கணும்?”

குரு அவர் லேப்டாப்பைக் கைகாட்டினார்.

“கேமராவுல இருக்க பிளாஸ்திரிய உரிங்க.”

“உரிச்சா பாத்துருவானே!”

“பாக்கட்டும். அதைத் திரையில உங்க சீட்டு தெரியுத இடத்துல ஒட்டுங்க.”

“எனக்கே தெரியாமப் போயிருமே?”

“ஆமா. தெரியாமலே ஏத்துங்க.”

“கொழும்பு போயிருமே டீச்சர்!”

“அது உங்க இஷ்டம்” என்று குரு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. அண்ணாச்சி பிளாஸ்திரியை ஒட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினார்.

நண்டுக்கால் சீட்டைப் போட்டுவிட்டு ஓடினான்.

அண்ணாச்சி பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஏழும் இரண்டும். அதைவிடக் கேவலமான சீட்டு கட்டிலேயே கிடையாது. இதைப் பார்த்துவிட்டா ஒருத்தன் ஓடுவான்?

மறுபடி ஏற்றினார். மறுபடி ஓடினான். ஒன்பதும் நான்கும்.

பார்க்கத் தன் சீட்டு இல்லாததால் அண்ணாச்சி முதல் தடவையாகத் திரையில் இருந்த மேசையைப் பார்த்தார். ஓடியது நண்டுக்கால் மட்டும் இல்லை. எல்லாரும் ஓடினார்கள். யார் ஏற்றினாலும் ஓடினார்கள். எல்லாருக்கும் கொழும்பு வேண்டியிருந்தது. யாராவது தோற்று வெளியேறட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. விடாமல் ஏற்றினார். காய்கள் சேர்ந்தன.

முப்பத்தொரு பேர் மிச்சம். இன்னும் ஒருத்தர் போனால் போதும்.

அண்ணாச்சி இன்னொரு தடவை ஏற்றினார். நண்டுக்கால் ஓடவில்லை. தன்னிடம் இருந்த மொத்தத்தையும் உள்ளே தள்ளினான். அது அண்ணாச்சியிடம் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

அண்ணாச்சி பிளாஸ்திரியைப் பிய்த்தார். இரண்டு ராணிகள்.

“மாட்டுனியால!” என்று திரையைப் பார்த்துச் சொன்னார். இவ்வளவு நேரம் ஓட்டம் காட்டியவனை இன்று நொறுக்கிவிடலாம். பந்தயத்தை ஒப்புக்கொள்ளும் பொத்தானுக்கு விரல் போய்விட்டது. தோற்றால் கொழும்பும் இல்லை, இனி ஆட்டமும் இல்லை. திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

விரலை எடுத்தார். ராணிகளைப் போட்டுவிட்டார்.

கொஞ்சநேரத்தில் வேறு மேசையில் யாரோ தோற்று வெளியேறினார்கள். திரையில் வாழ்த்து வந்தது. அண்ணாச்சி வெட்கப்படாமல் அழுதார். சேவியர் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது. எதற்கு என்று அவன் கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டார்.

குரு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அண்ணாச்சி அவருடைய போனைத் திருப்பிக் கொடுத்தார். நடந்ததை எல்லாம் சொன்னார்.

“டீச்சர், ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல.”

“என்னது?”

“அவனுக்கும் கொழும்புதான வேணும்? கொஞ்சம் பொறுத்தா இடம் தன்னால கிடைச்சிரும். அவ்வளவு நேரம் ஓடுனவன், எல்லாத்தையும் வச்சு எதுக்கு என்கூட மோதுனான்?”

குரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவன் கையில குப்பையா வந்தப்பெல்லாம் நீங்க ஏத்திருக்கீங்க அண்ணாச்சி. அவன் சீட்டை நீங்க பாக்கீங்கன்னு நினைச்சிருப்பான். அந்தக் கோவத்துல கொழும்பை மறந்துட்டான்.”